மே மாத லீவுக்கு எந்தத் தீவு? ஸ்நார்க்கலிங் கேள்வி பதில்

மாஸ்க்கும் மூச்சுக் குழாயும் மாட்டி, நீர்மட்டத்தில் மிதந்தபடி கடலுக்குள் பார்ப்பதுதான் ஸ்நார்க்கலிங். கடலே இல்லாத சேலம் மாவட்டத்திலிருந்து அதைப் பற்றி இத்தனை கேள்விகள்! ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். "மொத்தம் எவ்வளவு ஆகும்" என்று கேட்டவர்கள் மன்னிக்கவும், விமான டிக்கெட் விலை வாரத்துக்கு வாரம் மாறுகிறது. நான் இன்று சொல்வது நாளைக்கு உதவாது.

அக்கா, பசங்களுக்கு மே மாசம்தான் லீவு. அந்தமானா, லட்சத்தீவா, மாலத்தீவா? எது பெஸ்ட்? (அஸ்தம்பட்டி)

மே என்றால் மூன்றுமே என் பட்டியலில் கீழே போய்விடும். தென்மேற்குப் பருவக்காற்று கேரளாவைத் தொடுவதற்கு முன்பே அந்தமானைத் தொட்டுவிடும், பெரும்பாலும் மே மூன்றாவது வாரத்திலேயே. லட்சத்தீவிலும் அந்தச் சமயம் கடல் கொந்தளிக்கத் தொடங்கும். மாலத்தீவில் மே மாதம் மழைக்காலத்தின் வாசல். போனால் ஒன்றும் பார்க்க முடியாது என்றில்லை. ஆனால் ஸ்நார்க்கலிங்குக்கு அலையடங்கிய, தெளிந்த தண்ணீர் வேண்டும். மணலைக் கிளப்பிவிட்ட கடலில் மூஞ்சியை வைத்தால் தெரிவது கலங்கல்தான்.

மே மாதத்துக்கு என் பதில் திருகோணமலை. அதே பருவக்காற்று இலங்கையின் மேற்குக் கரையை அடிக்கும்போது கிழக்குக் கரை மலையின் மறைவில் அமைதியாக இருக்கும். மே முதல் செப்டம்பர் வரை அங்கே சீசன். நிலாவெளிக் கரையிலிருந்து படகில் கொஞ்ச நேரத்தில் புறாத் தீவு. அது தேசியப் பூங்கா, நுழைவுக் கட்டணம் உண்டு. துடுப்பு நுனி கறுத்த சிறிய சுறாக்கள் இடுப்பளவுத் தண்ணீர் பக்கமே சுற்றும். நாம் சீண்டாத வரை அவை நம்மைக் கண்டு ஒதுங்குகிற சாதி. குறையும் சொல்லிவிடுகிறேன்: கூட்டம் அதிகம், உடைந்த பவளமும் அதிகம். காலை முதல் படகில் போங்கள். சென்னையிலிருந்து கொழும்பு விமானம், பிறகு சாலையில் ஆறேழு மணி நேரம். ஊரில் பெரும்பாலோர் தமிழ் பேசுவதால், மாமியாரையும் கூட்டிக்கொண்டு போகும் குடும்பத்துக்கு இதைவிடச் சௌகரியம் கிடையாது.

பாஸ்போர்ட் இருக்கிறது, இன்னும் தூரம் போகலாம் என்றால் மலேசியாவின் கிழக்குக் கரையில் பெர்ஹென்தியான் தீவுகள். அங்கேயும் மே மாதம் நல்ல காலம். நவம்பரிலிருந்து சில மாதம் மழையில் ஏறக்குறைய மூடியே கிடக்கும்.

பொங்கல் லீவு, இல்லைன்னா தீபாவளி லீவு? (ஐந்து ரோடு, செவ்வாய்ப்பேட்டை)

பொங்கலுக்குக் கண்ணை மூடிக்கொண்டு அந்தமான், லட்சத்தீவு, மாலத்தீவு எதுவும் எடுக்கலாம். தீபாவளிக்கு வங்காள விரிகுடா பக்கம் வேண்டாம், புயல் சீசன். தாய்லாந்தின் சிமிலான் தீவுகள் அக்டோபர் நடுவில்தான் திறக்கும், மே நடுவில் மூடிவிடும். அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தமான் பேக்கேஜில் "ஸ்நார்க்கலிங் இலவசம்"னு போட்டிருக்கான். நம்பலாமா சார்? (சூரமங்கலம்)

சார் இல்லை, அக்கா. நம்பலாம், ஆனால் அந்த இலவசம் என்ன என்று தெரிந்துகொண்டு நம்புங்கள். ஹேவ்லாக் என்கிற சுவராஜ் தீவில் எலிஃபன்ட் பீச்சுக்குப் படகில் கூட்டிப்போவார்கள். லைஃப் ஜாக்கெட் மாட்டி, ஒரு ரப்பர் வளையத்தைப் பிடிக்கச் சொல்லி, கைடு பத்து நிமிடம் இழுத்துக்கொண்டு போய் போட்டோ எடுத்துத் திருப்பிவிடுவார். முதல் தடவைக்குச் சரி. அடுத்த நாளும் அதே இடம் போய் ஒரு மணி நேரம் நிதானமாக மிதப்பதுதான் உண்மையான ஸ்நார்க்கலிங், அதற்குத் தனியாகப் பணம் கட்டுங்கள்.

நீல் என்கிற ஷாஹீத் தீவின் பரத்பூர் கரையில் தரையிலிருந்தே இறங்கலாம். ஆனால் ஓதம் வற்றினால் பவளத்தின் மேல் முழங்கால்தான் இடிக்கும், ஆகவே கடல் ஏறியிருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். வண்டூரிலிருந்து போகும் ஜாலி பாய் தீவை நான் இவற்றுக்கெல்லாம் மேலே வைப்பேன். மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. அனுமதிச் சீட்டு வேண்டும், பிளாஸ்டிக்குக்குத் தடை. வருடம் முழுக்கத் திறந்திருக்காது. அது மூடியிருக்கும் மாதங்களில் ரெட் ஸ்கின் தீவுக்கு விடுவார்கள்.

முதலை எச்சரிக்கைப் பலகை இருந்தால் மதியுங்கள். 2010ல் ஹேவ்லாக்கில் ராதாநகர் பக்கம் ஸ்நார்க்கலிங் செய்துகொண்டிருந்த அமெரிக்கப் பெண் உப்புநீர் முதலை தாக்கி இறந்தார். அபூர்வம்தான். ஆனாலும் கழிமுகம், சதுப்பு ஓரம், அந்தி நேரம் மூன்றும் வேண்டாம்.

எனக்கு நீச்சலே தெரியாது. போலாமா? (ஆத்தூர்)

போகலாம், லட்சத்தீவுக்கு. பவளத் திட்டு சுற்றி வேலி கட்டியது போல நிற்பதால் உள்ளே இருக்கும் காயல் நீர் ஆழமில்லாமல், அலையில்லாமல் இருக்கும். கத்துக்குட்டிக்கு இந்தியாவில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தோன்றவில்லை. சேலத்தில் ராத்திரி ரயில் ஏறினால் விடிந்தால் எர்ணாகுளம். கொச்சியிலிருந்து அகத்திக்கு விமானம், இல்லையென்றால் கப்பல். நுழைவு அனுமதி இல்லாமல் ஏற்றமாட்டார்கள், அதை முதலில் வாங்கிவிட்டு டிக்கெட் போடுங்கள். பங்காரம் தவிர மற்றத் தீவுகளில் மது கிடையாது. உடன் வரும் மாமா, சித்தப்பாக்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது குடும்ப அமைதிக்கு நல்லது.

நாங்க கிணத்துல குதிச்சுப் பழகுனவங்க. லைஃப் ஜாக்கெட் எதுக்கு? (ஓமலூர்)

தம்பி, கிணற்றில் நீரோட்டம் இல்லை. சுற்றிச் சுவர் இருக்கிறது, நாலு கை வீசினால் படிக்கட்டு. கடலில் உப்பு உன்னைத் தானே மிதக்க வைக்கும், அந்தச் சுகத்தில் மீனைப் பார்த்துக்கொண்டே போய், தலையைத் தூக்கும்போது படகு எங்கோ இருக்கும். கைதேர்ந்த நீச்சல்காரர்கள் மாட்டுவது இப்படித்தான். இறங்கும் முன் ஒரு தடவை நீரோட்டம் எந்தப் பக்கம் என்று பார், எதிர்த்துப் போ, களைத்ததும் அதுவே திருப்பிக் கொண்டுவரும். பக்கத்தில் ஒரு ஆள் கட்டாயம். மூச்சை வேகவேகமாக இழுத்துவிட்டு நெடுநேரம் முங்கும் கிணற்றுப் போட்டியைக் கடலில் வைக்காதே, தண்ணீருக்குள்ளேயே நினைவு தப்பும்.

கண்ணாடி போட்டிருக்கேன், மீசையும் இருக்கு. (மேட்டூர்)

கண்ணாடிக்கு மேல் மாஸ்க் உட்காராது. பவர் லென்ஸ் போட்ட மாஸ்க் கிடைக்கும், கிட்டப்பார்வைக்காரர்கள் அதை வாங்கிவிடுங்கள். மாஸ்க் பொருந்துகிறதா என்று பார்க்க, வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சுங்கள். கை எடுத்ததும் ஒட்டி நின்றால் அது உங்களுடையது. மீசை வழியாகத் தண்ணீர் கசியும். மூக்கின் கீழே ஒரு கோடு மழித்தால் போதும், அல்லது கொஞ்சம் வாஸலின். முழு முகத்தையும் மூடும் மாஸ்க் விற்கிறார்கள். விட்ட மூச்சே உள்ளே தங்கலாம் என்ற பயம் இருப்பதால் என்னோடு வருகிறவர்களை அதை மாட்ட விடமாட்டேன்.

வீடியோவில் வர்ற கலர் நேர்ல இல்லைங்கிறாங்களே? (குகை)

பாதி கேமரா செய்யும் வேலை. தண்ணீர் முதலில் சிவப்பை விழுங்கிவிடும், ஐந்து மீட்டர் ஆழத்திலேயே அது பெரும்பாலும் மங்கிவிடும், இன்னும் கீழே போகப் போக எல்லாம் நீலச் சாம்பல்தான். எடுத்தபின் நிறத்தை ஏற்றிப் போடுகிறார்கள். மீதிப் பாதி வருத்தமான விஷயம். கடல் சூடேறினால் பவளம் தனக்குச் சோறு போடும் பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். 1998, 2010, 2016, 2024 என்று அடுத்தடுத்து அடி. 2024ல் லட்சத்தீவிலும் கடுமையாக வெளுத்தது. ஆகவே பழைய போட்டோவை வைத்துத் தீவு தேர்ந்தெடுக்காதீர்கள், போன சீசனில் போனவரைக் கேளுங்கள். மீன்கள் இன்னும் ஏமாற்றாது. கிளிமீன் பவளத்தைக் கொறிக்கும் சத்தம் தண்ணீருக்குள் தெளிவாகக் கேட்கும். அது கழித்துப் போடுவதுதான் வெள்ளை மணலில் பெரும்பங்கு. தேனிலவு ஜோடிகளுக்கு இதைச் சொல்வதில்லை.

அக்கா, நாங்க ஏற்காடு. ஸ்கூபாவும் பண்ணிட்டு வந்தா மலை ஏறலாமா? (நாகலூர்)

நல்ல கேள்வி. ஸ்நார்க்கலிங் மட்டும் என்றால் எந்தத் தடையும் இல்லை. ஸ்கூபா, அதாவது முதுகில் காற்று உருளையோடு ஆழத்தில் முங்குவது, செய்தால் விமானம் ஏறும் முன் 18 மணி நேரம் இடைவெளி விடுங்கள். உடம்பில் கரைந்த நைட்ரஜன், காற்றழுத்தம் குறைந்தால் குமிழியாகும். விமானத்துக்குள் அழுத்தம் 1800 முதல் 2400 மீட்டர் உயரத்தில் இருப்பதற்குச் சமம். ஏற்காடு சுமார் 1500 மீட்டர்தான். விமானத்துக்குக் காத்திருந்தவர் கொண்டை ஊசி வளைவுகளில் பயப்பட வேண்டாம். கர்நாடகக் கரையில் முருதேஸ்வர் பக்கம் நேத்ராணித் தீவில் டைவ் செய்துவிட்டு அன்றைக்கே காரில் மலை ஏறி வருகிறவர்கள்தான் யோசிக்க வேண்டும்.

சுடிதார்ல இறங்கலாமா? (அம்மாபேட்டை)

துப்பட்டா, தொளதொள பேண்ட் வேண்டாம், காலில் சுற்றும். உடம்போடு ஒட்டிய முழுக்கை டீசர்ட், லெக்கிங்ஸ் போதும். லட்சத்தீவிலும், மாஃபுஷி போன்ற மாலத்தீவின் உள்ளூர்த் தீவுகளிலும் இதுதான் மரியாதையான உடை. சன்ஸ்கிரீன் செலவும் மிச்சம், பவளத்துக்கும் நல்லது.

சங்கு, பவளத் துண்டு எடுத்து வரலாமா? (கொண்டலாம்பட்டி)

கூடாது. செத்த பவளத்துக்கும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும், விமான நிலையத்தில் பையைத் திறப்பார்கள்.