வாசகர் கேள்வி பதில்: ஷெர்பா ஊர்கள் வழியே ஒரு நடை

நேபாளத்தின் கும்புப் பகுதியில் ஷெர்பா வழிகாட்டிகளோடு எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

அலுவலகத்தில் பத்து நாள் விடுப்புதான் கிடைக்கும். தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறேன். அடிவார முகாம் போய்த் திரும்ப முடியுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

முடியாது, முயலவும் வேண்டாம். 3,000 மீட்டருக்கு மேலே போய்விட்டால், இன்று தூங்கும் இடம் நேற்றுத் தூங்கிய இடத்தைவிட சுமார் 500 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே ஊரில் இரண்டாவது இரவும் தங்க வேண்டும். இந்தக் கணக்கில்தான் பயணத் திட்டமே அமைகிறது.

விமானத்தில் லுக்லாவில் (2,860 மீ) இறங்கி முதல் இரவு பாக்டிங் (2,610). அடுத்து நாம்சே பஜார் (3,440), அங்கே இரண்டு இரவு. பிறகு தெங்போச்சே (3,860), திங்போச்சே (4,410), மறுபடி இரண்டு இரவு. அப்புறம் லோபுச்சே (4,940), கோரக்‌ஷெப் (5,164). மறுநாள் அங்கிருந்து அடிவார முகாம் (5,364) போய்விட்டு அன்றே கோரக்‌ஷெப் திரும்புவார்கள். இறங்க மூன்று நாள். ஆக லுக்லாவிலிருந்து லுக்லாவுக்குப் பன்னிரண்டு நாள் ஆகும். வானிலையால் விமானம் நின்றால் சமாளிக்க இரண்டு நாள், காத்மாண்டுவுக்கு இரண்டு நாள் சேர்த்தால் பதினாறு.

இரண்டாவது இரவு தங்கும் நாளில் படுத்துக் கிடக்கக்கூடாது. நாம்சேயில் காலையில் கும்ஜுங் (3,790), குண்டே (3,840) ஊர்களுக்கு ஏறிப் பார்த்துவிட்டு, தூங்க நாம்சேக்கே இறங்கி வர வேண்டும். மேலே ஏறிக் கீழே தூங்கினால் உடம்பு விரைவில் பழகும்.

ஓட்டப் பயிற்சி கால்களுக்கு உதவும், உயரத்துக்கு உதவாது. காற்று மெலியும்போது மூச்சு வேகமாகிறது. அதனால் மாறும் இரத்தத்தின் காரத்தன்மையைச் சிறுநீரகம் சரிசெய்யச் சில நாட்கள் ஆகும். எவ்வளவு உடல்வலு இருந்தாலும் அந்த நாட்களைக் குறைக்க முடியாது. நல்ல வலுவுள்ள இளைஞர்கள் வேகமாக ஏறிவிட்டுப் படுத்துவிடுவது இதனால்தான்.

பத்து நாள்தான் என்றால் தெங்போச்சே வரை போய்த் திரும்புங்கள். அங்குள்ள மடாலயத்து வாசலிலிருந்தே எவரெஸ்டும் அமா தப்லம் சிகரமும் தெரியும். அது குறைந்த பயணம் என்று யாரும் சொல்ல முடியாது.

மேலே தலைவலி வந்தால் வழிகாட்டியிடம் சொல்லலாமா? சொன்னால் இறக்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. டயமாக்ஸ் போட்டுக்கொண்டால் போதாதா?
– வாசகி, ஈரோடு

கட்டாயம் சொல்ல வேண்டும். மறைப்பதுதான் ஆளைக் கொல்கிறது.

தலைவலியோடு பசியின்மை, குமட்டல், தலைசுற்றல், அசதி இவற்றில் ஏதாவது சேர்ந்தால் அது மலைநோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டத்தில் யாரும் உங்களைக் கீழே அனுப்ப மாட்டார்கள். அதே ஊரில் இன்னொரு இரவு தங்க வைப்பார்கள். பெரும்பாலும் மறுநாள் சரியாகிவிடும். குறையாமல் கூடினால் இறங்க வேண்டியதுதான். 300 முதல் 1,000 மீட்டர் இறங்கினாலே பலருக்குத் தெளிந்துவிடும்.

ஆபத்தான அறிகுறிகள் இரண்டு. ஒன்று, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது; கூடவே இருமல் வரும். அது நுரையீரலில் நீர் கோப்பது. மற்றொன்று, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது. அது மூளை வீக்கம். ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் விரல் நுனியில் ஒட்டி வைத்து நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொன்னால் தெரிந்துவிடும். இந்த இரண்டில் எது வந்தாலும் விடியும் வரை காத்திருக்கக்கூடாது. இரவானாலும் துணையோடு இறங்க வேண்டும். ஆக்சிஜனும் ஊசியும் இறங்குவதற்கான நேரத்தை வாங்கித் தரும், அவ்வளவுதான்.

டயமாக்ஸ் உடம்பு பழகுவதை விரைவுபடுத்தும் மாத்திரை. வழக்கமான தடுப்பு அளவு 125 மில்லிகிராம், காலையும் இரவும். அதாவது 250 மாத்திரையில் பாதி. ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்குவார்கள். விரல் நுனிகள் மரமரக்கும், சிறுநீர் அடிக்கடி போகும், இவை இயல்பு. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. மாத்திரை போட்டிருக்கிறோம் என்று ஓய்வு நாளை வெட்டுவது பெரிய தவறு. தூக்க மாத்திரையும் மதுவும் தூக்கத்தில் மூச்சை மந்தமாக்கும், இரண்டும் வேண்டாம்.

இரத்தத்தில் ஆக்சிஜனை அளக்க விரலில் மாட்டும் கருவியைப் பலர் கொண்டு போகிறார்கள். குளிர்ந்த விரலில் அது தவறாகக் காட்டும். 5,000 மீட்டரில் 80 சதவீதம் என்று காட்டினாலும் ஆள் நன்றாக இருக்கலாம். எண்ணைவிட, இரவுச் சாப்பாட்டில் தட்டில் எவ்வளவு மிச்சம் வைத்தீர்கள் என்று கவனிக்கும் வழிகாட்டியை நம்புங்கள்.

திங்போச்சேக்கு அருகிலுள்ள பெரிச்சேயில் மலையேற்றக் காலங்களில் ஒரு மருத்துவ நிலையம் இயங்கும். பிற்பகலில் மலைநோய் பற்றி விளக்கவும் செய்வார்கள். குண்டேயில் 1966இல் ஹிலாரி முயற்சியால் எழுந்த மருத்துவமனை இருக்கிறது.

ஷெர்பா என்றால் சுமை தூக்குபவர்தானே? அவர்களை எப்படிக் கூப்பிடுவது?
– வாசகர், தஞ்சாவூர்

ஷெர்பா என்பது ஓர் இனத்தின் பெயர். ‘கிழக்கிலிருந்து வந்தவர்’ என்று பொருள். இந்தப் பாதையில் சுமை தூக்குபவர்களில் ராய், தமாங் இனத்தவர் ஏராளம். எல்லோரையும் ‘ஷெர்பா’ என்று கூப்பிட்டால் வருத்தப்படுவார்கள்.

பெயர் கேளுங்கள். ஷெர்பாக்களில் பலருக்குப் பிறந்த கிழமையே பெயர்: ஞாயிறு நிமா, திங்கள் தாவா, செவ்வாய் மிங்மா, புதன் லாக்பா, வியாழன் புர்பா, வெள்ளி பசாங், சனி பெம்பா. மூத்தவரை நேபாளியில் ‘தாஜு’ (அண்ணன்), பெண்களை ‘தீதி’ (அக்கா) என்று கூப்பிடலாம்.

சுமையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒருவர் பை பத்துக் கிலோ என்று வைத்து, இரண்டு பேருக்கு ஒரு சுமைதூக்கி போதும். அவருடைய சொந்தப் பொருளும் உண்டு என்பதால் மொத்தம் 25 கிலோவைத் தாண்ட விடாதீர்கள். நாம்சே தாண்டுமுன் அவருக்குக் காலணி, குளிர் உடை, கறுப்புக் கண்ணாடி, காப்பீடு இருக்கிறதா என்று ஏற்பாட்டாளரிடம் நேராகக் கேளுங்கள். அவருக்கும் மலைநோய் வரும். வந்தால் கூலியைக் கொடுத்துத் தனியாக இறக்கிவிடக்கூடாது. மொழி தெரிந்த ஒருவர் கூடப் போக வேண்டும்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?
– வாசகி, மதுரை

தாராளமாக. மேலே போகப் போகச் சைவமே நல்லது. கும்புவில் உயிர்க்கொலை மரபுக்கு ஆகாது; இறைச்சி கீழேயிருந்து நாட்கணக்கில் முதுகில் வருகிறது, குளிர்பெட்டி கிடையாது. பருப்பு, சோறு, காய் சேர்ந்த ‘தால் பாத்’ வாங்கினால் கேட்கக் கேட்கப் போடுவார்கள். உருளைக்கிழங்கை அரைத்துச் சுடும் ‘ரிகிகுர்’ ரொட்டி, வறுத்த பார்லியை அரைத்த ‘சம்பா’ மாவுக் கஞ்சி இரண்டையும் விட்டுவிடாதீர்கள்.

5,000 மீட்டரில் தண்ணீர் சுமார் 83 டிகிரியிலேயே கொதிக்கும். கிருமி சாக அது போதும், சோறு வேகப் பிரஷர் குக்கர் வேண்டும். குளோரின் மாத்திரை போட்டால் குளிர்ந்த நீரில் ஒரு மணி நேரமாவது விட்டுவிட்டுக் குடியுங்கள். தங்கும் விடுதியிலேயே சாப்பிடுங்கள். அறை வாடகை குறைவு, அவர்களுக்கு வருமானம் சாப்பாட்டில்தான். அடுப்பைத் தூய்மையானதாகக் கருதுவார்கள். கேட்காமல் அதில் காகிதமோ குப்பையோ போடாதீர்கள்.

வழியில் மந்திரம் செதுக்கிய கற்சுவர்கள் வருமாமே, எந்தப் பக்கம் போவது?
– வாசகர், சேலம்

அவை மணிச் சுவர்கள். நம் கோயிலில் வலம் வருவது போலவே, சுவர் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்படி நடங்கள். யாக், ஜோப்கியோ மாடுகள் வந்தால் மலைச் சரிவை ஒட்டி நில்லுங்கள்; பள்ளத்தின் பக்கம் நின்றால் சுமை இடித்துத் தள்ளிவிடும். தொங்குபாலத்தில் அவை முழுதும் கடந்த பிறகே கால் வையுங்கள்.

என்னென்ன ஆவணங்கள் வேண்டும்?
– வாசகர், புதுச்சேரி

இந்தியருக்கு விசா வேண்டாம். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை, அசல். உள்ளாட்சிக் கட்டணத்தை லுக்லாவிலும், சாகர்மாதா தேசியப் பூங்கா நுழைவுச் சீட்டை மோஞ்சோவிலும் கட்டலாம். சீட்டில் சார்க் நாட்டவருக்குச் சலுகை உண்டு. கூட்டக் காலத்தில் லுக்லா விமானங்கள் பல காத்மாண்டுவுக்குப் பதில் ராமேச்சாப் மாவட்டத்து மந்தலியிலிருந்து கிளம்பும். நான்கு ஐந்து மணி நேரச் சாலைப் பயணம் என்பதால் நள்ளிரவிலேயே புறப்பட வேண்டியிருக்கும். நேபாள ரூபாயைக் காத்மாண்டுவிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். நம் 100 ரூபாய்க்கு அங்கே 160. நாம்சேக்கு மேலே ஏடிஎம்மை நம்பாதீர்கள். காப்பீட்டில் 6,000 மீட்டர் வரை ஹெலிகாப்டர் மீட்பு எழுத்தில் இருக்கிறதா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.