மகளுக்குக் கிடைத்த கொம்ப்ளையன்ஸ் வேலை: களுவாஞ்சிக்குடித் தாய்க்கு ஒரு பதில்

வணக்கம் அம்மா. மகள் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வணிக முகாமைத்துவம் முடித்திருக்கிறார். கொழும்பில் ஓர் ஆடை ஏற்றுமதிக் கம்பனி, சட்டமும் விதியும் சரியாக நடக்கிறதா என்று பார்க்கும் கொம்ப்ளையன்ஸ் பிரிவில் பயிற்சி அலுவலராகச் சேரச் சொல்லிக் கடிதம் அனுப்பியிருக்கிறது. "கெம்பஸ் முடிச்ச பிள்ளை கார்மென்ட்ஸுக்கா போறது?" என்று சொந்தக்காரர் கேட்கிறார்கள், வங்கி வேலைக்கோ அரச பரீட்சைக்கோ காத்திருக்கலாமா என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். என் கருத்து, போகட்டும். ஆனால் சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போகட்டும்.

கார்மென்ட்ஸ் என்றதும் தையல் மெஷின் வரிசைதான் நமக்கு நினைவில் வருகிறது. அதுவும் குறைந்த வேலை இல்லை. புணாணைக்கு பஸ் ஏறும் பிள்ளைகளின் சம்பளத்தில் எத்தனையோ வீடுகள் நடக்கின்றன. மகளுக்குத் தந்திருப்பது வேறு வேலை. கம்பனி சீனா, இந்தியா என்று பல இடங்களிலிருந்து துணியும் நூலும் இறக்குமதி செய்கிறது. அந்தத் துணிக்கான பஞ்சை எங்கோ யாரையோ கட்டாயப்படுத்திப் பறிக்க வைத்திருந்தால், இங்கே தைத்த சட்டையை வாங்கும் நாட்டின் துறைமுகத்திலேயே நிறுத்திவிடுவார்கள். அந்த நிலை வராமல் முன்கூட்டியே விசாரித்து வைப்பதுதான் இந்தப் பிரிவின் பொறுப்பு.

கட்டாய உழைப்பில் செய்த பொருளுக்கு அமெரிக்காவில் 1930ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே தடை இருக்கிறது. உள்நாட்டில் போதாத பொருளென்றால் விடலாம் என்றொரு விதிவிலக்கு இருந்ததால் அது பெரும்பாலும் ஏட்டில்தான் கிடந்தது. 2016இல் விதிவிலக்கை எடுத்த பிறகு நிலைமை மாறியது. 2020இல் மலேசியாவின் டொப் குளோவ் கம்பனியின் கையுறைகளை நிறுத்தினார்கள். அங்கே வேலை செய்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள் ஏஜென்சிகளுக்குக் கட்டிய பணத்தால் கடனில் சிக்கியிருந்தது முக்கியமான குற்றச்சாட்டு. தொழிலாளர்களுக்கு 3 கோடி டொலருக்கு மேல் திருப்பிக் கொடுத்த பிறகே, 2021இல் தடை நீங்கியது. 2022 ஜூனிலிருந்து சீனாவின் சிஞ்சியாங் பகுதிப் பொருட்களுக்கு அங்கே இன்னும் கடுமையான சட்டம் நடைமுறையில் இருக்கிறது: கட்டாய உழைப்பு என்றே எடுத்துக்கொள்வார்கள், இல்லையென்று நிரூபிப்பது இறக்குமதியாளரின் பாடு. ஐரோப்பிய ஒன்றியத்தின் தடை 2027 டிசம்பர் 14 முதல் நடைமுறைக்கு வருகிறது. நம் நாட்டு ஆடைக்குப் பெரிய சந்தைகள் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும்தான். ஆகவே இந்த வேலை ஒரு சீசனோடு முடிந்துபோகாது.

சரி, பிள்ளை அங்கே நாள் முழுக்க என்ன செய்வார்? பெரும்பாலும் காகிதம் பார்ப்பார். பஞ்சுப் பொதியின் எண், விதை நீக்கிய ஆலையின் பதிவு, நூற்பாலை பில், நெசவாலையின் ஓர்டர், கப்பல் ஆவணம் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நூற்பாலை 10 தொன் பஞ்சு வாங்கியதாகக் காட்டிவிட்டு அதிலிருந்து 14 தொன் பஞ்சு நூல் விற்றதாகச் சொன்னால், மிச்சப் பஞ்சு எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியை யோசித்துக் கேட்கத் தெரிந்தவர்தான் அங்கே தேவை. கணக்கியல் படித்த பிள்ளைக்கு இது பிடிக்கும்.

இன்னொரு பாதி, மனிதர்களைப் பற்றியது. சர்வதேச தொழில் தாபனம் கட்டாய உழைப்புக்கு 11 அடையாளங்களைச் சொல்கிறது. கடவுச்சீட்டைப் பிடித்து வைப்பது, சம்பளத்தை நிறுத்துவது, கடனில் கட்டிப்போடுவது, வெளியே போகவிடாதது, பொய் சொல்லிக் கூட்டிவருவது எல்லாம் அதில் வரும். கொழும்புப் பிள்ளைகள் இதைப் பாடமாகப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போய்வந்த பெண்கள் இல்லாத ஊரே குறைவு. ஏஜென்சி சொன்ன சம்பளம் ஒன்று, அங்கே கிடைத்தது வேறொன்று என்ற கதையை உங்கள் மகள் சிறுவயதிலிருந்தே கேட்டிருப்பார். ஒரு தொழிலாளி தயங்கித் தயங்கிப் பதில் சொல்லும்போது அதில் என்ன மறைந்திருக்கிறது என்று ஊகிக்க அது உதவும். கம்பனியோடு பேசும்போது இதைத் தயங்காமல் சொல்லலாம்.

சங்கடமும் உண்டு. சப்ளையர் இரண்டு சம்பளப் புத்தகம் வைத்திருப்பார். தொழிலாளருக்குப் பதில் சொல்லிக்கொடுத்து வைத்திருப்பார். ஓடிட் சான்றிதழ் இருந்தாலே போதும் என்று நம்பவும் முடியாது. சிஞ்சியாங்கில் நம்பகமாக விசாரிக்க முடியாதென்று 2020இல் பல ஓடிட் நிறுவனங்களே விலகிக்கொண்டன. கப்பல் ஏற்றும் திகதி நெருங்கும்போது "கையெழுத்தைப் போடு தங்கச்சி, பிறகு பார்ப்போம்" என்று அலுவலகத்துக்குள்ளேயே சொல்வார்கள். அதனால் சேர்வதற்கு முன் மகள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இந்தப் பிரிவு யாருக்குப் பதில் சொல்கிறது? கொள்வனவு முகாமையாளருக்குக் கீழே என்றால் கொஞ்சம் யோசிக்கலாம். கம்பனியின் உயர் நிர்வாகத்துக்கோ சட்டப் பிரிவுக்கோ என்றால் நல்லது. சந்தேகமான சப்ளையரை இந்தப் பிரிவு எப்போதாவது நிறுத்தியிருக்கிறதா என்றும் கேட்கட்டும்.

படிப்புக்கென்று இப்போது லட்சக்கணக்கில் டிப்ளோமாவுக்குக் கட்ட வேண்டாம். தொழில் தாபனத்தின் வழிகாட்டிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சிங்களம் பேசப் பழகட்டும், ஆங்கிலத்தில் ஒரு பக்க அறிக்கை பிழையில்லாமல் எழுதப் பழகட்டும், எக்செல் கை வரட்டும். ஒரு வருடம் வேலை பார்த்த பிறகு கொள்வனவுத் துறையில் சிப்ஸ் (CIPS) என்ற தொழில்சார் தகுதியைப் பற்றி யோசிக்கலாம். கம்பனியே கட்டணம் தருகிறதா என்றும் அப்போது கேட்கலாம். அரச பரீட்சை விளம்பரம் வந்தால் அங்கிருந்தபடியே விண்ணப்பிக்கட்டும், யார் தடுத்தது?

கடிதத்தில் பயிற்சிக் காலம் எவ்வளவு, ஊழியர் சேமலாப நிதி முதல் மாதத்திலிருந்தே உண்டா, தங்குமிடம் யார் பொறுப்பு என்பதைப் பாருங்கள். "பதிவுக் கட்டணம்" என்றோ "பிணைப் பணம்" என்றோ ஒரு ரூபாயாவது கேட்டிருந்தால், அல்லது மூலச் சான்றிதழை ஒப்படைக்கச் சொல்லியிருந்தால், கையொப்பமிட வேண்டாம். கடிதத்தின் பிரதியை எனக்கு அனுப்புங்கள்.