பயிற்சி ஆசிரியருக்கு வகுப்பில் என்ன அதிகாரம்?

கேள்வி: நான் பி.எட். இரண்டாம் ஆண்டு மாணவி. அரசுப் பள்ளி ஒன்றில் கற்பித்தல் பயிற்சியில் இருக்கிறேன். ஆசிரியர் விடுப்பெடுக்கும் நாள்களில் எட்டாம் வகுப்பை முழுவதுமாக என்னிடமே விட்டுவிடுகிறார்கள். சென்ற வாரம் வகுப்பு நேரத்தில் ஒரு மாணவன் விழுந்து கையை முறித்துக்கொண்டான். "நீங்கள்தானே பொறுப்பு" என்கிறார்கள். சட்டப்படி என் நிலை என்ன? மாணவரைத் தண்டிக்கும் உரிமை எனக்கு உண்டா?

பதில்: சகோதரி, சட்டத்தின் பார்வையில் நீங்கள் அந்தப் பள்ளியின் ஆசிரியர் அல்லர், உங்கள் கல்வியியல் கல்லூரியின் மாணவி. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் இரண்டாண்டு பி.எட். படிப்பில் 20 வாரப் பள்ளிப் பயிற்சியைக் கட்டாயமாக்கி, அதில் 16 வாரங்களை இரண்டாம் ஆண்டுக்கு ஒதுக்கியுள்ளன. அந்தப் படிப்பின் பகுதியாகவே நீங்கள் வகுப்பில் நிற்கிறீர்கள். ஆசிரியராக நியமிக்கப்படுவோருக்குக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு குறைந்தபட்சத் தகுதியை வலியுறுத்தும்போது, பட்டம் பெறாத ஒருவரைக் கொண்டு ஆசிரியரின் இடத்தை நிரப்புவது முறையன்று. பாடம் நடத்தவும் வகுப்பை ஒழுங்காக வைத்திருக்கவும் உங்களுக்குள்ள அதிகாரம், வழிகாட்டி ஆசிரியரும் தலைமையாசிரியரும் ஒப்படைத்த அளவுக்கே உரியது.

மாணவர்களின் பாதுகாப்புக்கு முதற்பொறுப்பு பள்ளியுடையது. ஆயினும் வகுப்பு உங்கள் கையில் இருந்தவரை நியாயமான கவனத்தோடு நடந்துகொண்டீர்களா என்ற கேள்வி உங்களிடமும் கேட்கப்படலாம். ஆகவே அன்று நடந்ததையும், தனியாக விடப்பட்ட நாள்களையும் தேதியுடன் எழுதி, கல்லூரியின் மேற்பார்வைப் பேராசிரியர் வழியாகத் தலைமையாசிரியருக்குக் கடிதமாகக் கொடுங்கள். வாய்மொழியாகச் சொல்வதோடு நிறுத்திவிடாதீர்கள். ஆசிரியர் பெயரில் வருகைப் பதிவேட்டில் கையொப்பமிடச் சொன்னால் கட்டாயம் மறுத்துவிடுங்கள்.

தண்டிக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. நிரந்தர ஆசிரியருக்கும் இல்லை. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடல் தண்டனையோடு மனத்துன்புறுத்தலையும் தடை செய்கிறது. இதை மீறும் ஆசிரியர் மீது பணிவிதிகளின்படி நடவடிக்கை எடுக்கப்படும். உங்களுக்குப் பணிவிதி பொருந்தாது என்பதால் தப்பிவிட முடியாது. கல்லூரி நடவடிக்கை எடுக்கலாம், அடித்திருந்தால் குற்றவியல் சட்டமும் பாயும். முட்டி போடச் சொல்வதைக்கூடச் சிறிய தண்டனை என்று எண்ணிவிடாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பயிற்சி ஆசிரியரிடம் பிள்ளைகள் மனம்விட்டுப் பேசுவார்கள். பாலியல் கொடுமை பற்றி ஒரு குழந்தை உங்களிடம் சொன்னால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை. அதற்குத் தலைமையாசிரியரின் அனுமதி தேவையில்லை. குழந்தைகள் உதவி எண் 1098ஐ உங்கள் பாடக்குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.