பல ஆண்டுகளுக்குப் பின் வீடு திரும்பும் திருநங்கையைக் குடும்பம் ஏற்றுக்கொள்ளுமா?

பதின்ம வயதில் வீட்டை விட்டு வெளியேறி, பல ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பிய திருநங்கை நான். ஏற்றுக்கொள்வார்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் வீட்டுக்குள் சேர்ப்பதற்கும், சொந்தபந்தம் கூடிய இடத்தில் மகள் என்று நிறுத்துவதற்கும் இடையே நீண்ட காலம் கடக்க வேண்டியிருக்கும்.

இருட்டிய பிறகு வந்து, விடியும் முன் போய்விடு என்பதே அம்மா எனக்கு முதலில் விதித்த நிபந்தனை. பெற்றோரும் நெருங்கிய உறவினரும் வாழும் வீட்டில் வசிக்கும் உரிமையைத் திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 2019, தன் 12-ஆம் பிரிவில் நமக்குத் தந்திருக்கிறது. தமிழக அரசு 2008-இல் அமைத்த திருநங்கைகள் நல வாரியத்தின் அடையாள அட்டையைக் காட்டியபோது, அரசு முத்திரையின் அருகே இருந்த என் பெயரை அப்பா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பின் பகலில் வருவதை அவர் தடுக்கவில்லை.

உண்மையான சோதனை அக்கா மகளின் காதுகுத்தில் வந்தது. அக்காவுக்கு உடன்பிறந்தது நான் மட்டுமே என்பதால், குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் முறைக்கு ஒருநாள் மட்டும் வேட்டி கட்டி உட்கார்ந்துவிட்டால் அதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று பெரியவர்கள் தூது அனுப்பினார்கள். ஏங்கிக் கிடந்த இடத்திலிருந்து வந்த அழைப்பை மறுப்பது கொடுமையான வேதனை. சீர் முழுவதும் என் செலவு, ஆனால் சேலையில்தான் வருவேன் என்று சொல்லிவிட்டேன். அக்காதான் முடிவெடுத்தாள். பெரியப்பா மகன் மாமனாக மணையில் உட்கார்ந்தார். தோடும் பட்டுப்பாவாடையும் வைத்த தட்டை ஏந்தி, சீர் கொண்டுவந்த பெண்களோடு பெண்ணாக நான் நடந்தேன். சிலர் பந்தியில் உட்காராமலே கிளம்பிப் போனார்கள். அக்கா அவர்களைச் சமாதானப்படுத்தப் போகவில்லை.

ஆகவே, திரும்பிப் போக நினைக்கும் சகோதரிகள் ஊர்ப்பேச்சுக்கு அஞ்சாத ஒருவரை, அக்காவோ அத்தையோ, முதலில் தம் பக்கம் சேர்த்துக்கொள்ள வேண்டும். "பிள்ளை வளர்த்த லட்சணத்தைப் பார்" என்ற ஏச்சு முழுவதும் அம்மாவின் தலையில்தான் விழும் என்பதால், முதல் ஆளாக அவரை நிற்கச் சொல்வது நியாயமில்லை. பணம் அனுப்பினால் மனம் இளகும் என்றும் நம்பியிருக்காதீர்கள். என் பணத்தை வாங்கிக்கொண்டே, மகன் வடக்கே வேலையில் இருக்கிறான் என்று என் வீட்டில் நெடுநாள் சொல்லிவந்தார்கள். முக்கியமாக, திருநங்கைகளின் சமூக அமைப்பான ஜமாத்தில் உங்களை மகளாகத் தத்தெடுத்த அம்மாவின் உறவை முறித்துக்கொண்டு புறப்படாதீர்கள். பிறந்த வீட்டில் ஒரு வாய்த்தகராறு முற்றினால், அன்றிரவே போய்ப் படுக்க உங்களுக்கு ஓர் இடம் வேண்டும்.