கருங்காட்டில் சைக்கிள்: மரம் ஏற்றும் லாரியின் வழியே உங்கள் வழி

கேள்வி: ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் வேலை பார்க்கிறேன். சரளைப் பாதையில் ஓட்டுவதற்கான, 40 மி.மீ. டயர் போட்ட கிராவல் சைக்கிள் ஒன்று வாங்கியிருக்கிறேன். கருங்காட்டு (பிளாக் ஃபாரஸ்ட்) மலைகளில் ஓட்ட ஆசை. ஆனால் கைபேசிச் செயலி போட்டுக் கொடுத்த வழியில் போனால், நல்ல சரளைப் பாதை திடீரென்று முடிந்து, வேரும் பாறையுமான ஒற்றையடிப் பாதையில் சைக்கிளைத் தோளில் சுமக்க வேண்டியிருக்கிறது. வழியை நானே வகுத்துக்கொள்வது எப்படி? எங்கே தொடங்கலாம்?

பதில்: செயலி வரைபடத்தில் இருக்கும் கோடுகளைச் சேர்த்துத் தருகிறது. அந்தக் கோட்டை யார், எதற்காகப் போட்டார்கள் என்பது அதற்குத் தெரியாது. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அதைத்தான். கருங்காட்டின் சரளைப் பாதைகளில் மிகப் பெரும்பாலானவை வெட்டிய மரத்தைக் கீழே இறக்குவதற்காகப் போடப்பட்டவை. முன்பு இங்கே ஓடும் முர்க் ஆற்றில் மரங்களைத் தெப்பமாகக் கட்டி, ரைன் நதி வழியே நெதர்லாந்து வரை கொண்டுபோனார்கள். ரயிலும் சாலையும் வந்த பிறகு அது ஓய்ந்தது. இன்று அந்த வேலையை லாரிகள் செய்கின்றன. அவற்றுக்காக மலை முழுவதும் வனத்துறைச் சாலைகள் ஓடுகின்றன. அவற்றுக்கு ஃபோர்ஸ்ட்வெக் என்று பெயர்.

பாரத்தோடு 40 டன் வரை எடையுள்ள லாரியால் செங்குத்தாக ஏறவும் முடியாது, குறுகலாகத் திரும்பவும் முடியாது. எனவே இந்தச் சாலைகளின் ஏற்றம் பெரும்பாலும் 10 சதவீதத்துக்குள் இருக்கும். மலைச்சரிவை ஒட்டி வளைந்து வளைந்து போகும். உடைத்த கல்லைக் கொட்டி உருளையால் அழுத்தி, மழைநீர் ஓட ஓரத்தில் வாய்க்காலும் வெட்டியிருப்பார்கள். உங்கள் 40 மி.மீ. டயருக்கு இதைவிட நல்ல தரை வேண்டியதில்லை. லாரி போக முடியாத இடத்தில் உங்களுக்கும் வேலை இல்லை என்று வைத்துக்கொண்டே வழியை வகுக்கலாம்.

உங்களைச் சுமக்க வைத்த இடங்களுக்கும் இதே காரணம்தான். மரம் ஏற்றும் சாலை இன்னொரு சாலையில் போய்ச் சேர வேண்டும் என்பதில்லை. வெட்டும் இடம் வரை போய், லாரி திரும்புவதற்கு ஒரு வட்டம் போட்டு அங்கேயே முடிந்துவிடும். அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து வரும் சாலையும் அப்படியே முடியும். இரண்டுக்கும் நடுவே சில நூறு மீட்டர் நடைபாதை இருந்தால் செயலி மகிழ்ச்சியோடு அதைச் சேர்த்துவிடும். அதனால் வழி போட்டதும் வரைபடத்தைப் பெரிதாக்கி, சாலையின் கோடு மெலியும் இடங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். அங்கே வழியைக் கையால் இழுத்து மாற்றுங்கள். ஐந்து கிலோமீட்டர் கூடினாலும் கூடட்டும்.

வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் உயரக் கோடுகளைப் படிக்கப் பழகுங்கள். இந்த அடர்ந்த ஊசியிலைக் காட்டில் செயற்கைக்கோள் படம் அதிகம் உதவாது, உயரக் கோடு உதவும். உயரக் கோடுகளுக்கு ஏறக்குறைய இணையாகவோ மெல்லச் சாய்ந்தோ போகும் பாதை வனச்சாலை. அவற்றைக் குறுக்கே வெட்டி நேராக மேலே ஏறுவது நடைபாதையாக இருக்கும். இல்லையென்றால் வெட்டிய மரத்தை இயந்திரத்தால் இழுத்துவரும் தடமாக இருக்கும். அந்த இழுவைத் தடத்தில் மழைக்குப் பிறகு முழங்கால் அளவு சேறு கிடக்கும். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் வரைபடத்தில் காட்டுப் பாதைகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை தரம் குறித்திருப்பார்கள். ஒன்றும் இரண்டும் உங்களுக்கானவை. மூன்று, காய்ந்த நாளில் சரி. நான்கையும் ஐந்தையும் விட்டுவிடுங்கள்.

சட்டமும் இதே பக்கம்தான் நிற்கிறது. கருங்காடு இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் இரண்டு மீட்டருக்கும் குறைவான அகலமுள்ள காட்டுப் பாதையில், தனியாக அனுமதிக்கப்பட்ட தடங்களைத் தவிர, சைக்கிள் ஓட்டக் கூடாது. மலைச் சைக்கிள்காரர்கள் இந்த விதியை நெடுங்காலமாக எதிர்த்து வருகிறார்கள், அவர்கள் பக்கத்து நியாயமும் எனக்குப் புரிகிறது. ஆனால் கிராவல் சைக்கிளுக்கு இதனால் இழப்பு ஏதுமில்லை. அகலமான பாதையிலும் நடப்பவருக்கே முன்னுரிமை. வளைவுக்கு முன் மணி அடித்து, வேகத்தைக் குறைத்து, ஒரு வணக்கம் சொல்லிக் கடந்து போங்கள்.

இன்னொன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். மரம் வெட்டும் இடத்தில் சிவப்பு வெள்ளை நாடாவும் தடைப் பலகையும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை, வேலை நடக்கவில்லை, ஆளும் இல்லை என்று நாடாவைத் தூக்கி உள்ளே போகிறவர்களைப் பார்க்கிறேன். பாதி வெட்டப்பட்ட மரம் பக்கத்து மரத்தில் சாய்ந்து தொங்கிக்கொண்டிருக்கலாம். அது விழுவதற்கு வேலை நாள் வர வேண்டியதில்லை. தடை இருந்தால் திரும்பிவிடுங்கள். பாதையோரம் அடுக்கியிருக்கும் மரக்கட்டைகள் மேல் ஏறி உட்காரவும் வேண்டாம், அவை உருளும்.

எங்கே தொடங்குவது என்றால், கார்ல்ஸ்ரூவிலிருந்து வருகிறவருக்கு முர்க் பள்ளத்தாக்கைவிடப் பொருத்தமான இடம் இல்லை. காரணம் ரயில். ராஸ்டாட்டிலிருந்து கெர்ன்ஸ்பாஹ், ஃபோர்பாஹ், பையர்ஸ்பிரோன் வழியாக ஃப்ராய்டன்ஷ்டாட் வரை பள்ளத்தாக்கின் அடியிலேயே தண்டவாளம் ஓடுகிறது. கால் ஓய்ந்தாலும் மழை பிடித்தாலும் டயர் கிழிந்தாலும் கீழே இறங்கினால் ஒரு நிலையம் இருக்கும். புதிதாக ஓட்டுகிறவருக்கு இந்தத் தைரியம் பெரிய சொத்து. வேலை நாட்களில் காலை 6 முதல் 9 மணி வரை தவிர மற்ற நேரங்களில் உள்ளூர் ரயில்களில் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை. வெயில் அடிக்கும் ஞாயிறுகளில் மட்டும் சைக்கிள் பெட்டி நிரம்பிவிடும், அதனால் காலையிலேயே ஏறிவிடுங்கள்.

முதல் பயணத்துக்கு ரயிலில் ஃப்ராய்டன்ஷ்டாட் வரை போய் இறங்குங்கள். ஊர் 700 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கிருந்து ராஸ்டாட் வரை ஆற்றை ஒட்டி வரும் டூர் டி முர்க் என்ற அடையாளமிட்ட சைக்கிள் வழி ஏறத்தாழ 70 கி.மீ. மொத்தத்தில் இறக்கம், இடையிடையே காட்டுச் சரிவில் ஏறி இறங்கும். சரளையில் சைக்கிள் எப்படி வழுக்குகிறது, பிரேக்கை எங்கே பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் இந்த ஒரு நாளில் கைக்கு வந்துவிடும்.

அடுத்தது ஃபோர்பாஹிலிருந்து மேற்கே ஏறி ஷ்வார்ட்ஸன்பாஹ் அணை, அங்கிருந்து ஹெரன்வீஸ் சிற்றூர், பிறகு வனச்சாலைகளில் சுற்றிக் கீழே. அணை 1920களில் கட்டியது. நிலையம் ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்திலும் நீர்ப்பரப்பு 670 மீட்டரை ஒட்டியும் இருப்பதால், முதல் மூச்சிலேயே 370 மீட்டர் ஏற வேண்டும். ஃபோர்பாஹைச் சுற்றி 2023 முதல் நீர்மின் நிலைய விரிவாக்க வேலை நடப்பதால், மாற்றுவழிப் பலகை தெரிந்தால் அதன்படி போங்கள். ஹெரன்வீஸுக்கு அருகே தேசியப் பூங்காவின் எல்லை வருகிறது. உள்ளே அடையாளமிட்ட சைக்கிள் வழிகளில் மட்டுமே ஓட்டலாம், பாதை எவ்வளவு அகலமாக இருந்தாலும் சரி. பள்ளத்தாக்கின் கிழக்கே கால்டன்பிரோன் இன்னும் உயரம், 900 மீட்டர் அளவில். சதுப்பு நிலங்களும் இருண்ட ஏரிகளும் கொண்ட அந்த மேட்டு நிலத்தை எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் இரண்டு மூன்று பயணங்களுக்குப் பிறகு போங்கள்.

கிலோமீட்டரை வைத்து நாளைக் கணக்கிடாதீர்கள், ஏற்றத்தை வைத்துக் கணக்கிடுங்கள். சாதாரண உடல்வலுவுள்ளவர் ஒரு மணி நேரத்தில் 400 முதல் 500 மீட்டர் உயரம் ஏறுவார். 45 கி.மீ. தூரமும் 900 மீட்டர் ஏற்றமும் உள்ள சுற்று, ஓய்வையும் சேர்த்தால் ஐந்து மணி நேரம் பிடிக்கும். கியரைப் பொறுத்தவரை, மிக எளிய நிலையில் மிதிகட்டையோடு சுழலும் முன்பல்வட்டின் பற்களின் எண்ணிக்கை பின்சக்கரத்தின் பெரிய பல்வட்டின் பற்களுக்குச் சமமாகவோ குறைவாகவோ இருக்க வேண்டும். முன்னே 40, பின்னே 42 என்றால் போதும். முன்னே 46, பின்னே 34 என்றால் முழங்கால் வலிக்கும். கடையில் பின்வட்டுத் தொகுப்பை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

சரளையில் டயரைக் கல்லாக நிரப்பக் கூடாது. நீங்கள் 75 கிலோ என்றால், உள்குழாய் இல்லாத 40 மி.மீ. டயரில் காற்றழுத்தத்தை 2 முதல் 2.5 பார் வரை வைத்துப் பாருங்கள். முன்சக்கரத்தில் சற்றுக் குறைவாக. உள்குழாய் இருந்தால் கொஞ்சம் கூட்டுங்கள், இல்லையென்றால் கல் விளிம்பில் பட்டுக் குழாய் கிழியும். இறக்கத்தில் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிட வேண்டும். லாரி ஓடிய பின் புதிதாகக் கல் கொட்டிச் செப்பனிட்ட இடங்களில் மேலடுக்கு தளர்ந்திருக்கும். அங்கே கைப்பிடியை இறுக்காமல், சக்கரம் அழுத்திய தடத்தைப் பிடித்து நேராகப் போங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், அதனால் உணவு கையில் இருக்கட்டும். தண்ணீருக்கு ஊர்க் கல்லறைத் தோட்டத்துக் குழாய் கைகொடுக்கும். ‘கைன் ட்ரிங்க்வாஸர்’ என்று எழுதியிருந்தால் அது குடிநீர் அல்ல. பள்ளத்தாக்குகளில் கைபேசி அலை கிடைக்காத இடங்கள் உண்டு, வரைபடத்தை முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். காட்டுச் சந்திப்புகளில் மீட்பு இடத்தின் எண் எழுதிய பலகைகள் நிற்கும். விபத்து நடந்தால் 112க்கு அழைத்து அந்த எண்ணைச் சொன்னால் ஆம்புலன்ஸ் நேராக வந்துசேரும். அதனால் கடக்கும்போதே பலகைகளைக் கவனித்துக்கொண்டு போங்கள். வீடு திரும்பியதும் முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள் பகுதிகளில் உண்ணி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த மாநிலம் உண்ணியால் பரவும் மூளைக்காய்ச்சலின் ஆபத்துப் பகுதி. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, குடும்ப மருத்துவரிடம் கேளுங்கள். அதே உண்ணி பரப்பும் போரலியா என்ற பாக்டீரியாத் தொற்றுக்குத் தடுப்பூசி இல்லை என்பதால் சோதித்துப் பார்ப்பதை விடக் கூடாது.

மே முதல் அக்டோபர் வரை ஓட்டலாம். அதற்கு முன் மேட்டில் பனி கிடக்கும். குளிர்காலத்தில் ஹெரன்வீஸ், கால்டன்பிரோன் பகுதிகளில் இதே சாலைகள் சிலவற்றில் பனிச்சறுக்குத் தடம் போட்டிருப்பார்கள், அவற்றில் சைக்கிளை இறக்காதீர்கள். புயல் அடித்த மறுநாளும் காட்டுக்குள் போக வேண்டாம். அன்று ஆற்றங்கரையோடு ராஸ்டாட் பக்கம் ஓட்டிக்கொள்ளுங்கள்.