முட்டுக்கட்டை போடுவது யார்?

கேள்வி: ஒரு நிறுவனத்தில் பிரிவுத் தலைவராக இருக்கிறேன். புதிய மென்பொருள், புதிய குழு அமைப்பு என்று எதைக் கொண்டுவந்தாலும் ஊழியர்கள் முட்டுக்கட்டை போடுகிறார்கள். பயிற்சி வகுப்பும் நடத்திப் பார்த்துவிட்டோம். மனிதர்களுக்கு மாற்றம் என்றாலே ஆகாது என்பதுதான் உண்மையா?

பதில்: ஆகாது என்றால், கொஞ்சம் கூடுதல் சம்பளம் கிடைத்ததும் வேறு நிறுவனத்துக்குத் தாவுகிறார்களே, அது எப்படி? புது இடம், புது ஆட்கள், புது வேலை எல்லாமே மாற்றம்தானே! 'அவர்களுக்கு மாற்றம் பிடிக்காது' என்பது மேலே இருப்பவர்களுக்கு வசதியான விளக்கம். திட்டத்தில் கோளாறு இருக்கிறதா என்று பார்க்கும் வேலை மிச்சம்.

உங்கள் சந்தேகத்தை 1940-களிலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் மேரியன் என்ற ஊரில், ஹார்வுட் என்ற பைஜாமா தொழிற்சாலை. பீஸ் ரேட்டில் கூலி, அதாவது முடிக்கும் உருப்படிக்கு இவ்வளவு என்று. வேலை முறையை மாற்றும்போதெல்லாம் உற்பத்தி சரியும், ஆட்கள் நின்றுவிடுவார்கள். கூலி இழப்புக்குப் போனஸ் கொடுத்தும் பலனில்லை. லெஸ்டர் கோச், ஜான் பிரெஞ்ச் என்ற இருவர் அங்கே ஒரு பரிசோதனை நடத்தி 1948-இல் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

மாற்றம் எவ்வளவு பெரியது தெரியுமா? இஸ்திரி போடும் ஒரு குழு, உருப்படிகளை ஆறாறாக ஒரு தட்டையான அட்டைமேல் அடுக்கிக்கொண்டிருந்தது. இனி ஆறாறாக ஒரு பெட்டிக்குள் அடுக்க வேண்டும். அவ்வளவுதான். நிர்வாகம் முடிவெடுத்தது, கூட்டம் போட்டுக் காரணம் சொன்னது, புதிய ரேட்டை விளக்கியது, கேட்ட கேள்விகளுக்குப் பதிலும் சொன்னது. கிட்டத்தட்ட உங்கள் பயிற்சி வகுப்பு மாதிரி. 40 நாளைக்குள் 17 சதவீதம் பேர் வேலையை விட்டுப் போனார்கள். மீதிப் பேர் மேற்பார்வையாளரோடு மல்லுக்கு நின்றார்கள், வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்தார்கள்.

வேறு இரண்டு குழுக்களில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினார்கள். ஒரே மாதிரியான இரண்டு உடுப்புகளைக் காட்டி, பாதி விலைக்கு விற்றது எது என்று கேட்டால் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. செலவை ஏன் குறைக்க வேண்டும் என்பது அப்போதே புரிந்துவிட்டது. வேலையை எப்படி மாற்றலாம் என்று கேட்டதும் யோசனைகள் கொட்டிய கொட்டில் சுருக்கெழுத்தாளர் திணறிப்போனார். இந்தக் குழுக்களின் உற்பத்தி மளமளவென்று மீண்டு, பழைய அளவுக்கு மேலே சுமார் 14 சதவீதம் ஏறியது. அதே 40 நாளில் ஒருவரும் விலகவில்லை.

அப்புறம் நடந்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். முதல் குழுவில் மிஞ்சியவர்களை இரண்டரை மாதம் கழித்து இன்னொரு வேலைக்கு மாற்றினார்கள், இந்தத் தடவை அவர்களையும் கலந்துபேசி. முன்பு முரண்டு பிடித்த அதே ஆட்கள்! உற்பத்தி சீக்கிரமே எகிறியது. சண்டையும் இல்லை, யாரும் நிற்கவும் இல்லை.

இதைப் படித்துவிட்டு, 'சரி, நாமும் ஒரு கலந்தாய்வுக் கூட்டம் போட்டுவிடலாம்' என்று கிளம்பிவிடாதீர்கள். ஹார்வுட்டில்கூட மாற்றம் வேண்டுமா என்று தொழிலாளர்களிடம் கேட்கவில்லை, எப்படி என்றுதான் கேட்டார்கள். இது முதலாளியின் சாமர்த்தியம் என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. அதில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்கும் படுகிறது.

இன்னொன்று. எதிர்ப்பவருக்குத் தெரிந்த விஷயம் திட்டம் போட்டவருக்குத் தெரியாமல் இருக்கலாம். பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கங்களில் முன்பு இரண்டு மூன்று பேர் தாங்களே சேர்ந்துகொண்டு, வெட்டுவதிலிருந்து அள்ளுவதுவரை எல்லாம் பார்த்தார்கள். இயந்திரம் வந்ததும் வேலையை மூன்று ஷிப்டாகக் கூறு போட்டார்கள். முந்தைய ஷிப்ட் அரைகுறையாக விட்டது அடுத்தவர் தலையில் விழுந்தது. உற்பத்தி எதிர்பார்த்தபடி ஏறவில்லை, வேலைக்கு வராதவர்கள் பெருகினார்கள். வேலையைப் பிரித்த விதத்தில்தான் கோளாறு என்று 1951-இல் எழுதிய இருவரில் ஒருவரான கென் பாம்ஃபோர்த், முன்பு சுரங்கத்தில் வேலை பார்த்தவர்.

இப்போது உங்கள் மென்பொருளுக்கு வருவோம். அது வந்தபின் யாருடைய வேலை கூடியது, யாருடைய வேலை குறைந்தது? விவரங்களை ஒவ்வொன்றாக உள்ளிடுவது அவர்கள், அறிக்கையை ஒரே சொடுக்கில் பார்ப்பது நீங்களா? 'எதற்கும் இருக்கட்டும்' என்று பழைய பதிவேட்டையும் எழுதச் சொல்லியிருக்கிறீர்களா? பயிற்சி வகுப்பில் யாராவது எழுந்து இதைக் கேட்டிருப்பார்களே, அவர்களுக்கு என்ன பதில் சொன்னீர்கள்?