சண்டை இல்லாத ஊர்

அன்புள்ள ஐயா,

2025 ஜனவரியில் தலைவரின் பதவிக்காலம் முடிந்தபின் எங்கள் ஊராட்சி தனி அலுவலரிடம் இருக்கிறது. கமிஷன் பேச்சு இல்லை, சண்டை இல்லை. படிக்காதவர்கள் தலைவராவதற்கு இதுவே மேல் என்று தோன்றுகிறது. தலைவர் பதவிக்குக் கல்வித்தகுதி வைத்தால் என்ன?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கல்வித்தகுதியை ஹரியானாவில் 2015இல் கொண்டுவந்தார்கள். பள்ளிக்கு அனுப்பப்படாத பெண்களும் தலித்துகளும்தான் அதிகம் வெளியே நின்றார்கள். அதை விடுங்கள். சில நாட்களாகவே மனதை அறுத்துக்கொண்டிருந்த ஒன்றை, 'சண்டை இல்லை' என்ற உங்கள் நிம்மதி கிளறிவிட்டது.

என் பெரியம்மா 1996 தேர்தலில் வார்டு உறுப்பினரானவர். கையெழுத்து மட்டும்தான் போடுவார். முதலில் பெரியப்பாதான் கூட்டங்களுக்குப் போய்வந்தார். ஒரு கோடையில் தண்ணீர் மோட்டாருக்கு மறுபடி மறுபடி பில் வரவும் பெரியம்மாவே போய் உட்கார்ந்தார். "எந்தக் கடையில காயில் கட்டுனீங்க? நான் போய்க் கேட்டுட்டு வர்றேன்" என்றார். பில் பாஸாகவில்லை. அன்று ராத்திரி எங்கள் வாசலில் ஒரே ரகளை. அவர் அசையவில்லை. அந்தச் சண்டைதானய்யா ஊராட்சி!

தமிழ்நாட்டில் சுமார் 12,500 ஊராட்சிகள், 388 ஒன்றியங்கள். உங்கள் தனி அலுவலர் என்பவர் ஒன்றியத்தின் பி.டி.ஓ., அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர். சராசரியாக முப்பதுக்கும் மேற்பட்ட ஊராட்சிகள் அவர் ஒருவர் தலையில். அவர் நல்லவராகவே இருக்கட்டும். குழாயில் தண்ணீர் வராவிட்டால் யார் வாசலில் போய் நிற்பீர்கள்? முன்பு கமிஷன் வாங்கியவர் யாரென்று ஊருக்கே தெரிந்தது. இனி யாராவது வாங்கினால் உங்களுக்குத் தெரியவா போகிறது?

பதவிக்காலம் முடியும் முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்கவேண்டும் என்கிறது அரசியல் சாசனம். 2016 அக்டோபரில் முடிந்த பதவிக்காலத்துக்கு ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில்தான் வந்தது, அதுவும் 27 மாவட்டங்களில் மட்டும். மூன்று வருடம்! சட்டமன்றத்தை இப்படி அதிகாரியிடம் விட்டிருந்தால் சும்மா இருந்திருப்போமா? மதுரை மாவட்டத்து மேலவளவில் முருகேசன் என்ற தலித், ஊராட்சித் தலைவரானதற்காக 1997இல் வெட்டிக் கொல்லப்பட்டார். அதே மாவட்டத்தில், தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 2006 வரை ஒரு தலித்தைத் தலைவராக நீடிக்க விடவில்லை. அந்த நாற்காலிக்கு மதிப்பில்லை என்றால் இத்தனை வெறி எதற்கு? அதைக் காலியாக வைத்திருப்பதில் சந்தோஷப்படுகிறீர்களே, மனம் வலிக்கிறது.

உங்கள் கோபம் புரிகிறது. அந்தத் தலைவர் இருந்தபோது ஒரு கிராம சபையிலாவது எழுந்து வரவு செலவு கேட்டீர்களா? வருகிற அக்டோபர் 2 கிராம சபைக்குப் போங்கள். கணக்கை வாசிக்கச் சொல்லுங்கள். உடனே தேர்தல் நடத்தக் கோரித் தீர்மானம் கொண்டுவாருங்கள். படித்தவர் நீங்கள், அதை நீங்களே எழுதி எடுத்துப் போங்கள்.